டோம் தியேட்டருக்குப் போகும் முன்: எந்தப் படம், எந்த சீட், தலைசுற்றினால் என்ன செய்வது

கேள்வி சுருக்கமாக இதுதான். குடும்பத்தோடு ஓர் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போகிறீர்கள். அங்கே அரைக்கோளமாக வளைந்த பிரம்மாண்டமான திரையோடு ஒரு டோம் தியேட்டர் இருக்கிறது, அதற்குத் தனி டிக்கெட். மாலில் ஐமேக்ஸ் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? அம்மாவுக்கு 68 வயது, பையனுக்கு 5, மனைவிக்கு பஸ்ஸில் ஏறினாலே தலைசுற்றும். இவர்களை அழைத்துப் போகலாமா?

போகலாம். ஆனால் டிக்கெட் வாங்கும்போதே இரண்டு விஷயங்களைக் கவனித்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு: எந்தப் படம் என்பது ஒன்று, எந்த இடத்தில் உட்காருகிறோம் என்பது இன்னொன்று. சாதாரண தியேட்டரில் ஓரத்து சீட் கிடைத்தால் கொஞ்சம் வசதிக் குறைவு, அவ்வளவுதான். டோமில் தவறான சீட் கிடைத்தால் படமே வேறாகிவிடும்.

மாலில் இருக்கும் ஐமேக்ஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது ஒரு தட்டையான, அல்லது லேசாக வளைந்த திரை. அதற்கு நான்கு பக்கமும் விளிம்பு உண்டு. அந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் "நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், படம் அங்கே ஓடுகிறது" என்று மூளை நிம்மதியாக இருக்கிறது. டோம் அந்த விளிம்பை எடுத்துவிடுகிறது. மனிதனின் இரு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறக்குறைய 200 டிகிரி வரை பார்க்கின்றன. ஓம்னிமேக்ஸ் என்று முதலில் பெயர் வைத்து, பிறகு ஐமேக்ஸ் டோம் என்று அழைக்கப்பட்ட முறையில், நடுவில் உட்கார்ந்தவருக்குப் பக்கவாட்டில் 180 டிகிரியும், மேலே உச்சந்தலையைத் தாண்டியும் படம் விரிகிறது. கீழேயும் கண்மட்டத்துக்குச் சுமார் 20 டிகிரி இறங்குகிறது. ஓரக்கண்ணால் எங்கே பார்த்தாலும் படம்தான். கீழே சொல்லப்போகும் சீட், கிறுகிறுப்பு, படத்தின் வேகம், போனை ஏன் அணைக்கச் சொல்கிறார்கள் என்பது வரை எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்து வருபவை.

கொஞ்சம் வரலாறு சொன்னால் இந்தத் தியேட்டர்கள் ஏன் மியூசியங்களில் இருக்கின்றன என்பது புரியும். கனடாவைச் சேர்ந்த கிரேம் பெர்குசன், ரோமன் குரோய்ட்டர், ராபர்ட் கெர், பொறியாளர் வில்லியம் ஷா ஆகியோர் உருவாக்கிய ஐமேக்ஸ், 1970ல் ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. அது தட்டைத் திரை. அதே சமயத்தில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஒரு புதிய கோளரங்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரங்களோடு திரைப்படமும் காட்ட வேண்டும் என்று விரும்பியவர்கள் வழக்கமான கோளரங்கக் கூரையை 25 டிகிரி சாய்த்துவிட்டார்கள். பார்வையாளர்கள் அண்ணாந்து பார்க்காமல் எதிரே பார்க்கலாம், விண்வெளியில் மிதப்பது போலவும் இருக்கும். 1973ல் திறந்த அந்த ரூபன் எச். பிளீட் அரங்கம்தான் முதல் ஓம்னிமேக்ஸ். அதன் டோமின் விட்டம் சுமார் 23 மீட்டர். அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் கட்டப்பட்ட பல டோம்கள் இதே அளவை ஒட்டியவைதான். பாரிஸில் 1985ல் திறந்த லா ஜியோடில் திரையின் விட்டம் 26 மீட்டர்.

இப்போது சீட் விஷயம். இதற்குப் படம் எப்படித் திரைக்கு வருகிறது என்று தெரிந்திருந்தால் நல்லது.

பிலிமில் ஓடும் டோம் தியேட்டர்களில் 70 மில்லிமீட்டர் பிலிம், வழக்கம் போல மேலிருந்து கீழாக ஓடாமல், படுக்கைவாட்டில் ஓடும். பிலிமின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் துளைகளை வைத்துச் சொன்னால், ஒவ்வொரு பிரேமும் 15 துளைகள் அகலம். சாதாரண 35 மி.மீ. பிரேமை விடச் சுமார் பத்து மடங்கு பரப்பு. அவ்வளவு பெரிய பிரேம் இருந்தால்தான் 23 மீட்டர் அரைக்கோளத்தில், அதாவது 800 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பில், படம் பிசிறாமல் நிற்கும். எடுக்கும்போது கேமராவில் மீன்கண் லென்ஸ் (மிக அகலமான கோணத்தை ஒரே படத்தில் அடக்கும் லென்ஸ்), காட்டும்போது புரொஜெக்டரிலும் மீன்கண் லென்ஸ். பிலிமைக் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் வளைந்து நெளிந்திருக்கும். கட்டடம் பீப்பாய் மாதிரி தெரியும். அதே வளைவை டோமின் மேல் வீசும்போது ஒன்றை ஒன்று ஈடுகட்டி, கோடுகள் மறுபடி நேராகின்றன.

இங்கேதான் சூட்சுமம். அந்த ஈடுகட்டல் முழுமையாக நடப்பது ஒரே ஓர் இடத்தில்: டோமின் மையத்தில். கேமரா உலகத்தை எந்தப் புள்ளியிலிருந்து பார்த்ததோ, அதற்குச் சமமான புள்ளி அது. மையத்தை விட்டு விலக விலக நேர்கோடுகள் வளைய ஆரம்பிக்கும். இடது ஓரத்தில் உட்கார்ந்தால் அடிவானம் ஒரு பக்கம் சரியும். முன்வரிசையில் உட்கார்ந்தால் கோபுரங்கள் உங்கள் தலைமேல் கவிழ்வது போலச் சாயும், கழுத்தும் போகும். சிலர் "டோமில் படம் கோணலாக இருந்தது" என்று வந்து சொல்வார்கள். அவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஆகவே நடுப்பகுதி, அதுவும் பாதிக்குச் சற்று மேலே உள்ள வரிசைகள். பிலிம் அரங்கமாக இருந்தால் இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு: சீட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன அறை போல மேடு எழுந்து நிற்கும். புரொஜெக்டர் இருக்கும் இடம் அதுதான். லென்ஸும் டோமின் மையத்துக்கு அருகில் இருக்க வேண்டுமே! அதனால் அந்த மேட்டுக்குப் பின்னாலும் பக்கத்திலும் உள்ள வரிசைகள்தான் முதல் தரம். சீட் எண் இல்லாத அரங்கமென்றால் கதவு திறக்கும் நேரத்துக்குக் கால்மணி முன்பே வரிசையில் நில்லுங்கள். எண் உண்டென்றால் கவுண்டரில் "நடுவில், மேல்பாதியில்" என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண சினிமாவில் கடைசி வரிசை என்றால் தூரம். இங்கே அப்படியில்லை, கடைசி வரிசையிலிருந்தும் திரை உங்களைச் சுற்றியே இருக்கும்.

கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. படிக்கவும் தூரத்தைப் பார்க்கவும் ஒரே கண்ணாடியாக இருக்கும் பைபோகல், புரோகிரசிவ் வகைகளில் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. டோமில் படத்தின் கீழ்ப்பகுதி அந்த வழியாகத்தான் கண்ணுக்கு வரும், மங்கலாகத் தெரியும். தூரத்தைப் பார்ப்பதற்கென்று தனிக் கண்ணாடி இருந்தால் அதை எடுத்துப் போங்கள். அம்மாவுக்கு இது பொருந்தலாம்.

சரி, தலைசுற்றல். ஸ்டேஷனில் நிற்கும் ரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்புகிறது, நம் ரயில்தான் நகர்கிறது என்று ஒரு நொடி உடம்பே நம்பிவிடுகிறது. டோமில் நடப்பதும் அதேதான். ஓரப்பார்வை முழுக்க ஒரே திசையில் நகர்ந்தால், நகர்வது நாம் என்று மூளை முடிவு செய்கிறது. ஆனால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நான் அசையவே இல்லையே" என்கிறது. இந்த இரண்டு செய்திகளும் ஒத்துப்போகாததுதான் குமட்டலுக்குக் காரணம். பஸ்ஸில் நடப்பது இதன் தலைகீழ்: அங்கே உடம்பு அசைகிறது, கையில் இருக்கும் போன் அசைவதில்லை. பஸ்ஸில் தலைசுற்றும் எல்லோருக்கும் டோமில் சுற்றும் என்பதில்லை, ஆனால் வாய்ப்பு அதிகம்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. பஸ்ஸை நிறுத்த முடியாது, டோமை நிறுத்திவிடலாம். கண்ணை மூடினால் போதும், அசைவு அந்த நொடியே நின்றுவிடும். மனைவியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பலர் கண்ணை மூடாமல் குனிந்து தரையைப் பார்க்க முயல்வார்கள். அப்போதும் ஓரக்கண்ணில் படம் ஓடிக்கொண்டே இருக்கும், தலையை அசைத்ததில் குமட்டல் கூடவும் கூடும். தலையைச் சாய்த்துவைத்து, கண்ணை மூடி, பத்து இருபது நொடி இருந்துவிட்டுத் திறப்பது நல்லது. ஹெலிகாப்டர் காட்சிகளும் பள்ளத்தாக்கில் பாயும் காட்சிகளும் பெரும்பாலும் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முன்சீட்டில் இருப்பவரின் தலையையோ புரொஜெக்டர் மேட்டின் விளிம்பையோ, அசையாத எதையாவது பார்த்துக்கொண்டிருப்பதும் உதவும். வெறும் வயிற்றோடும் போகக்கூடாது, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகக்கூடாது. தலைசுற்றலுக்கு வழக்கமாக மாத்திரை போடுபவரென்றால் படம் ஆரம்பிப்பதற்கு முன்பே போட வேண்டும், சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டு அதிகப் பலனில்லை.

அம்மாவுக்கு எனக்குத் தோன்றும் கவலை வேறு. தலையைப் பின்னால் சாய்த்தாலோ படுக்கையில் புரண்டாலோ அறை சுழல்வது போலிருக்கும் தொந்தரவு வயதானவர்களிடம் அதிகம். அப்படி ஏதாவது இருந்தால் முன்வரிசைகளில் உட்காரவே வேண்டாம், அங்கேதான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். மேல்வரிசைகளில் நேராகப் பார்த்தாலே போதும். படிகள் இன்னொரு விஷயம். டோம் சாய்ந்திருப்பதால் சீட் வரிசைகளும் செங்குத்தாக ஏறும், சாதாரணத் தியேட்டரில் பழகியவர்களுக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். நுழைவாயில் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று ஊழியரிடம் கேளுங்கள். சில இடங்களில் லிப்ட் மேல்வரிசைக்கே போகும், வீல்சேர் இடங்களும் அங்கேயே இருக்கும். அப்படியானால் அம்மாவுக்கு நல்ல சீட்டும் கிடைக்கும், படி ஏறும் சிரமமும் இருக்காது. விளக்கு அணைந்த பிறகு யாரையும் உள்ளே விடமாட்டார்கள் என்பதும் இந்தப் படிகளால்தான். அதில் விவாதம் செய்து பயனில்லை.

பையனுக்கு 5 வயது என்கிறீர்கள். உயரத்தை விடச் சத்தம்தான் அந்த வயதில் பயமுறுத்தும். எந்தப் பக்கம் வெளியே போகும் வழி என்று உட்கார்ந்தவுடன் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், வழிக்குப் பக்கத்து சீட்டாக இருந்தால் இன்னும் நல்லது. "பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கோ, நின்றுவிடும்" என்ற அதே மந்திரம் அவனுக்கும் வேலை செய்யும். அவனிடம் அதை ஒரு விளையாட்டாகவே சொல்லிவைக்கலாம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை நான் அழைத்துப் போகமாட்டேன். அப்புறம், வலிப்பு நோய் உள்ளவர் யாராவது உடன் வந்தால், படத்தில் பளிச்சிடும் விளக்குக் காட்சிகள் உண்டா என்று முன்பே கேட்டுவிடுவது அவசியம்.

எந்தப் படம்? இதைத்தான் பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை, எந்த ஷோவுக்கு டிக்கெட் கிடைக்கிறதோ அதற்குப் போய்விடுகிறார்கள். டோமுக்காகவே மீன்கண் லென்ஸில் எடுத்த படமும், தட்டைத் திரைக்கு எடுத்துப் பிறகு டோமில் போடும் படமும் ஒன்றல்ல. இரண்டாவது வகையில் மனிதர்கள் ஓரங்களில் பருத்துத் தெரிவார்கள், அடிவானம் வில் மாதிரி வளையும். கதைப் படங்களை டோமில் போடுவது எனக்கு என்றுமே பிடித்ததில்லை. கதைப் படம் முகங்களை நம்பியது. டோமில் முகத்தைக் கிட்டத்தில் காட்டினால் மூக்கு மட்டும் ஒரு மாடி உயரம் நிற்கும், அழுகைக் காட்சியில் சிரிப்பு வந்துவிடும்.

டோமுக்கு எடுக்கத் தெரிந்தவர்கள் முக்கியமான பொருளைத் திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில், பார்ப்பவரின் கண்மட்டத்தில் வைப்பார்கள். மேலே இருப்பது வானமோ, காட்டின் மேற்கவிகையோ, கடலின் மேற்பரப்போ. அதைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை, அது அங்கே இருப்பதை உடம்பு உணர்ந்தால் போதும். காட்சிகளும் நீளமாக இருக்கும். அவ்வளவு பெரிய பரப்பைக் கண் சுற்றிவர நேரம் வேண்டுமில்லையா? கேமராவை வேகமாகத் திருப்பினால் நொடிக்கு 24 பிரேம் போதாமல் படம் வெட்டி வெட்டி ஓடும், அதனால் மெதுவாகவே திருப்புவார்கள். ஐமேக்ஸ் கேமராவை 1984 முதல் அமெரிக்க விண்வெளி வீரர்கள் ஷட்டில் எனும் விண்வெளி ஓடத்தில் எடுத்துப் போனார்கள். பிலிம் நிமிடத்துக்கு 100 மீட்டருக்கு மேல் ஓடித் தீர்வதால், 300 மீட்டர் சுருள் ஒன்றில் மூன்று நிமிடம்கூட முழுதாக எடுக்க முடியாது. ஒவ்வொரு நொடியையும் எண்ணி எடுத்த காட்சிகள் அவை, டோமில் பார்க்க வேண்டிய முதல் வகை என்று அவற்றையே சொல்வேன். அடுத்தது கடலடி. பவளப்பாறைக்கு நடுவே மிதக்கும் காட்சியில் வேகம் குறைவு, எல்லாப் பக்கமும் ஏதாவது இருக்கும், மனைவிக்கும் ஒத்துக்கொள்ளும். மலையேற்றம், விமானம், ரேஸ் கார் என்று போஸ்டரில் இருந்தால் அவருக்கு வேறு ஷோ பாருங்கள்.

பனிமலைப் படங்களில் ஒரு குறை உண்டு, அது படம் எடுத்தவரின் தவறல்ல. டோமின் ஒரு பக்கத்தில் விழும் வெளிச்சம் எதிர்ப்பக்கத்துக்குத் தெறித்து, அங்கே கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தை வெளுக்கவைக்கும். இதைக் குறைக்கத்தான் டோம் திரைக்கு வெள்ளைக்குப் பதில் சாம்பல் நிறம் பூசுகிறார்கள். அப்படியும் திரை முழுக்கப் பனியாக இருந்தால் சாயம் வெளுத்தது போலத்தான் தெரியும். இருண்ட பின்னணியில் நட்சத்திரங்கள் வரும்போது அதே திரை அற்புதமாக இருக்கும். உங்கள் போன் வெளிச்சமும் இதே வழியில் எதிர்ப்பக்கம் வரை போகும். பக்கத்து சீட்காரரை மட்டுமல்ல, அரங்கம் முழுவதையும் தொந்தரவு செய்யும்.

திரை துணியோ சுவரோ இல்லை. நுண்ணிய துளைகளிட்ட அலுமினியத் தகடுகளைப் பொருத்திச் செய்தது. ஸ்பீக்கர்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன, ஒலி துளைகள் வழியாக வருகிறது. துளைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குழிவான கெட்டிச் சுவர் ஒலியை ஓரிடத்தில் குவித்துவிடும், ஒரு மூலையில் கிசுகிசுத்தால் எதிர்மூலையில் தெளிவாகக் கேட்கும். துளைகள் வழியாக ஒலி பின்னால் போய் அடங்கிவிடுவதால் அந்தத் தொல்லை குறைகிறது. சில அரங்கங்களில் படத்துக்கு முன்பு திரைக்குப் பின்னால் விளக்குப் போட்டுக் காட்டுவார்கள். கெட்டியான கூரை என்று நினைத்தது கண்ணெதிரே மறைந்து, இரும்புச் சட்டங்களும் ஸ்பீக்கர்களும் தெரியும். பையனுக்குப் படத்தை விட இது பிடித்துப்போனாலும் ஆச்சரியமில்லை. கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் உட்காராதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று பல டோம்கள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. பல புரொஜெக்டர்களின் படங்களை விளிம்பில் ஒன்றோடொன்று கலந்து ஒரே படமாக்குவது ஒரு முறை. கலப்பு சரியில்லாத அரங்கத்தில் வெளிர்வானக் காட்சியில் மங்கலான பட்டைகள் தெரியும். கூர்மையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 4கே டோம் என்றால் 180 டிகிரிக்கு 4,096 புள்ளிகள், அதாவது டிகிரிக்கு 23 கூட இல்லை. 8கே என்றால் சுமார் 45. நல்ல பார்வையுள்ள கண் டிகிரிக்கு 60 வரை பிரித்தறியும். அதனால் 4கே டோமில் மரத்து இலைகள் கொஞ்சம் கூர்மை குறைந்தே தெரியும், 8கேயில் குறை சொல்ல மனம் வராது. நீங்கள் போகும் இடம் இன்னும் பிலிமில் ஓட்டுகிறது என்றால், வேறு எதையும் யோசிக்காமல் அதைப் பாருங்கள், அப்படிப்பட்ட அரங்கங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. "டிஜிட்டலா, பிலிமா?" என்று கவுண்டரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஒரே டோமில் கோளரங்க நிகழ்ச்சியும் பெரிய திரைப் படமும் மாறி மாறி ஓடுவதுண்டு. கோளரங்க நிகழ்ச்சியில் ஒருவர் நேரில் நின்று வானத்தை விளக்குவதானால், படத்தை விட்டுவிட்டு அதற்குப் போனாலும் தவறில்லை. அசைவு குறைவு, அம்மாவுக்கும் மனைவிக்கும் சுகம்.

படங்கள் பெரும்பாலும் 40, 45 நிமிடம்தான். இவ்வளவுதானா என்று தோன்றலாம், ஆனால் டோமில் அதற்கு மேல் இருந்தால் கண்ணும் கழுத்தும் கெஞ்ச ஆரம்பிக்கும். மியூசியத்துக்கும் மணிக்கொரு ஷோ வைக்க அது வசதி. காலையில் முதல் ஷோவுக்குப் போவதையே நான் சிபாரிசு செய்வேன். பள்ளிக் கூட்டங்கள் வந்து நிறைவதற்குள் நல்ல சீட் கிடைக்கும். கடைசியில் போனால், மியூசியத்தில் மூன்று மணி நேரம் நடந்த களைப்பில் டோமுக்குள் போய்ச் சாய்ந்தால் தூக்கமும் வரும். முடிந்தவுடன் மட்டும் எழுந்து ஓட வேண்டாம். விளக்கு முழுதாக வந்து, கால் தரையில் இருப்பதை உடம்பு ஒப்புக்கொண்ட பிறகு அம்மாவின் கையைப் பிடித்துப் படியிறங்குங்கள்.

பிலிம் அரங்கமாக இருந்தால் புரொஜெக்டர் அறையைக் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்க்க வழி செய்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். சில மியூசியங்களில் உண்டு. 40 நிமிடப் படத்துக்குச் சுமார் 4 கிலோமீட்டர் பிலிம், பெரிய வட்டத் தட்டுகளில் படுக்கையாகச் சுற்றிக் கிடக்கும். விளக்கு 15 கிலோவாட் செனான் வாயு விளக்கு, அதன் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பல அரங்கங்களில் புரொஜெக்டர் லிப்டில் ஏறி, சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் அந்த மேட்டுக்குள் போய் நிற்கும். அது மேலே போவதைப் பார்க்க வேண்டுமானால் ஷோ ஆரம்பிக்கும் முன்பே அறைக்கு வெளியே போய் நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு என்பதை ஆபரேட்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.